தயாரிப்பாளர் சங்கமா, கூட்டுறவா, வர்த்தக சபையா? வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விவரணப்படங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் தயாரிக்கும் நாங்கள் சிலர் ஓர் அமைப்பாகத் திரள்வதென்று தீர்மானித்தபோது, எந்த வடிவத்தில் திரள்வது என்பதே நீண்ட விவாதமாயிற்று. சென்னையில் உள்ளதுபோன்ற வர்த்தக சபை, வன்னி மக்களுக்குப் பழக்கமான கூட்டுறவுச் சங்கம், பிரித்தானியாவின் ‘பாக்ட்’ அமைப்பைப் போலச் சுயாதீனத் தயாரிப்பாளர்களை மட்டும் அங்கத்தவராகக் கொண்ட சங்கம் ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டன. நாங்கள் கடைசி வடிவத்தைத் தேர்ந்தோம். அந்தத் தெரிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன்.

வர்த்தக சபையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1930களின் இறுதியில் தோன்றிய தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையில் தயாரிப்பாளர், விநியோகத்தர், திரையரங்க உரிமையாளர் எனப் பல தரப்பினரும் இடம்பெறுகின்றனர். அரசிடம் வரிக்குறைப்புக் கேட்பதற்கு அது பலமான அமைப்பு. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருக்கும்போது விற்பவரின் பக்கத்தை மட்டும் எடுத்துப் பேச அதனால் இயலாது. திரையரங்குகளை நம்பித் தொழில் செய்யாத எங்களுக்கு அது பொருந்தவும் மாட்டாது.

கூட்டுறவுக்கு உண்மையான கவர்ச்சி உண்டு. கமரா, லென்ஸ், விளக்கு, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவற்றைத் தனியொருவர் வாங்கிப் பராமரிப்பதைவிடப் பங்குப்பணம் சேர்த்து வாங்குவது இலகு. பொதுச்சபைக் கூட்டம், கணக்காய்வு, நிர்வாகத் தெரிவு என்பவை என்னவென்று இங்கு எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆயினும் கூட்டுறவே படத்தைத் தயாரித்தால் படம் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து ஒளி-ஒலிப் படைப்பொன்றின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்கே உரியது. கூட்டுறவுச் சங்கமே தயாரிப்பாளராக இருந்தால் உரிமையும் சங்கத்துக்கே செல்லும்; விலகிச் செல்லும் அங்கத்தவர் தாம் எடுத்த படத்தை விட்டுவிட்டே செல்ல நேரிடும்.

எனவே எங்கள் விவாதம் முழுவதும், படம் ஒளிபரப்பான பின்னர் அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நின்றது. பாக்டின் வரலாறு எனக்கு முக்கியமாகப் படுவதும் இதனாலேயே. 1982 நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கிய பிரித்தானியத் தொலைக்காட்சியான சனல் 4 தனக்கென நிகழ்ச்சிகளைத் தயாரிக்காமல் வெளியாரிடமிருந்தே பெற்றதால், சிறிய தயாரிப்பு நிறுவனங்கள் பெருகின; அவை தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டன. பிபிசியின் நிதியை ஆராய்ந்த பீகொக் குழு 1986இல் நிகழ்ச்சித் தயாரிப்பில் சுயாதீனத் தயாரிப்பாளர்களுக்கும் பங்கு ஒதுக்கப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தொடர்ந்து நடந்த பிரசாரத்தின் பயனாக 1990ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் பிபிசிக்கும் தனியார் தொலைக்காட்சியான ஐடிவிக்கும் இந்த 25 வீத ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு திரைப்படத் தயாரிப்பாளர்களின் அமைப்பும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களின் அமைப்பும் இணைந்து பாக்ட் உருவானது.

ஆனால் ஒதுக்கீடு கிடைத்ததால் மட்டும் அவர்களின் நிலை மாறிவிடவில்லை. ஒளிபரப்பாளர் முழுச் செலவையும் ஏற்று, அதன்மேல் ஒரு கட்டணத்தையும் கொடுத்து, உரிமைகளைப் பெரும்பாலும் தாமே வைத்துக்கொண்டனர். நிகழ்ச்சி எவ்வளவு புகழ்பெற்றாலும் தயாரித்தவர் அடுத்த வேலையை வெறுங்கையுடனேயே தொடங்க வேண்டியிருந்தது. அங்கு 2003இல் வந்த தொடர்பாடல் சட்டம், பொதுச்சேவை ஒளிபரப்பாளர்கள் நிகழ்ச்சிகளைப் பெறும் முறைக்கு ஒழுங்குக் கோவைகளை வகுக்க வேண்டுமென்றது. அந்தச் சட்டத்தை ஊன்றுகோலாகக் கொண்டு பாக்ட் பேசி முடித்த நிபந்தனைகளின்படி, ஒளிபரப்பாளர் குறித்த காலத்துக்கான உரிமத்தையே பெறுவார். ஏனைய உரிமைகள் தயாரித்தவரிடமே தங்கும். அதன் பின்னரே அந்நிறுவனங்கள் தம் பழைய நிகழ்ச்சிகளையும், அவற்றைப் பிறர் தம் நாட்டில் புதிதாகத் தயாரிப்பதற்கான நிகழ்ச்சி வடிவங்களையும் பிற நாடுகளுக்கு விற்று வளர்ந்தன.

இதன் பெறுமதியை எங்கள் அங்கத்தவர் ஒருவரின் அனுபவம் காட்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட காலைப்பொழுதை அவர் ட்ரோனில் பதிவுசெய்து, வெளிநாட்டு அலைவரிசையொன்றுக்கு அரைமணி நேர விவரணமாகக் கொடுத்தார். ஒப்பந்தத்தின் நான்காவது பந்தியில் ‘எக்காலத்துக்கும், உலகெங்கும், எல்லா ஊடகங்களுக்கும்’ என்ற ஒரு வரி இருந்தது. பின்னர் குளத்தின் கீழுள்ள வயல்களைப் பற்றித் தாமே ஒரு படம் எடுத்தபோது, தாம் பிடித்த காட்சியைத் தாமே பயன்படுத்துவதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அனுமதிக்கு ஒரு தொகையும் கேட்கப்பட்டது.

ஆகவே எங்கள் சங்கத்தின் யாப்பை, அதாவது அமைப்பு விதிகளை, எழுதி முடிக்குமுன்பே மாதிரி ஒப்பந்தத்தை எழுதினோம். உரிமம் ஆண்டுக்கணக்கில் வரையறுக்கப்பட வேண்டும். தொகுக்கப்படாத காட்சிகள் எடுத்தவரின் ஹாட் டிஸ்க்கிலேயே இருக்க வேண்டும். ஊர்ச் சனசமூக நிலையத்திலும் பாடசாலையிலும் திரையிட அலைவரிசையிடம் அனுமதி கேட்கத் தேவையிருக்கக் கூடாது. உரிமைக் கைமாற்றம் எழுத்தில், இரு தரப்பும் ஒப்பமிட்டு நடைபெற வேண்டுமென எங்கள் நாட்டுச் சட்டமே கூறுவதால், வாய்ப்பேச்சில் எதையும் விட்டுவிட வேண்டாம் என்று அங்கத்தவர்களிடம் வலியுறுத்துகிறோம். போரில் எத்தனையோ வீட்டு அல்பங்களையும் ஒளிநாடாக்களையும் இழந்த மண்ணில், இப்போது பதிவாகும் காட்சிகளாவது பதிவுசெய்தவர் கைவசம் இருக்க வேண்டுமென்பதில் எனக்குத் தனிப்பட்ட பிடிவாதமும் உண்டு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாக்டின் பின்னால் சட்டம் நின்றது. எங்கள் பின்னால் அங்கத்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே நிற்கிறது. மாதிரி ஒப்பந்தத்தை இதுவரை சிறிய நிறுவனங்களே ஏற்றுள்ளன. பெரிய அலைவரிசையொன்று மறுத்து, அதே வேலையைச் சங்கத்துக்கு வெளியேயுள்ள ஒருவரிடம் கொடுத்தால் எவ்வளவு காலம் உறுதியாக நிற்போம் என்பதற்கு எங்களிடம் அனுபவம் போதாது. கருவிகளைப் பொறுத்தவரையும் கூட்டுறவின் அனுகூலத்தை நாங்கள் இழந்துவிட்டோம்; இப்போதைக்கு அங்கத்தவர்களுக்குள் குறைந்த வாடகைக்குக் கொடுத்து வாங்குகிறோம்.

திருமண வீடியோ எடுக்கும் ஸ்ரூடியோக்காரர்களையும் சேர்ப்பதா என்பது அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அவர்கள் தொலைக்காட்சிக்குத் தயாரிப்பவர்கள் அல்லர் என்ற ஆட்சேபம் உண்டு. ஆனால் அலைவரிசைகள் குறைந்த விலைக்கு ஆள் தேடும்போது முதலில் தொலைபேசி எடுப்பது அவர்களுக்கே என்பதால், நான் சேர்ப்பதற்கே வாக்களிப்பேன்.