‘பூந்திக்கொட்டை லிக்விட்’ என்று நம்பி வாங்கினேன், இட்லிப் பானை கறுத்துப் போனது

கோவையில் ஞாயிறுதோறும் கூடும் ஓர் இயற்கைச் சந்தையில் 850 ரூபாய் கொடுத்து, பாத்திரம் கழுவும் லிக்விட் 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கினேன். ‘பூந்திக்கொட்டை, எலுமிச்சை மட்டும். கெமிக்கல் துளியும் இல்லை’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. விற்ற தம்பி, “பாத்திரம் கழுவின தண்ணிய அப்படியே செடிக்கு ஊத்தலாங்க்கா” என்றார். விழுந்துவிட்டேன்.

கேனைத் திறந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லிக்விட் தேன் பதத்தில், இளம்பச்சையாக, தெளிவாக இருந்தது. ஒரு சொட்டுக்கே நுரை பொங்கியது. பூந்திக்கொட்டையை வேகவைத்தவர்களுக்குத் தெரியும், அது டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணியாக இருக்கும், லேசாகப் புளித்த வாடை வரும். பட்டுப்புடவைக்கும் நகைக்கும் அம்மா அதைத்தான் ஊறவைப்பார், எனக்குத் தெரியாததல்ல. இருந்தும், ஏதோ புது முறையில் செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் விரல் இடுக்கில் தோல் உரிந்தது. பனிக்காலம்தானே என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி அலுமினிய இட்லிப் பானையில் இதை ஊற்றி ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் புகை பிடித்த மாதிரி கறுப்பு. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “வாஷிங் சோடாவுலயா ஊறப்போட்ட கண்ணு?” என்றார்.

இல்லை என்றதும் அவரே ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் லிக்விடை ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கினார். சிவப்பு! அப்படியே ஆரத்தித் தண்ணீர். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலைதான், காரம் (அமிலத்துக்கு எதிரான ஆல்கலி) சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும். பூந்திக்கொட்டைச் சாறும் எலுமிச்சையும் அமிலப் பக்கம், இரண்டும் சேர்ந்து மஞ்சளைச் சிவக்கவைக்க வழியே இல்லை. அலுமினியத்தைக் கறுக்கவைப்பதும் காரம்தான். ஆக, ஒட்டியிருந்த சீட்டில் சொல்லாத எதையோ கலந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று, மஞ்சள் சிவக்காவிட்டால் சரக்கு சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். காரமே இல்லாத ரசாயன நுரைப்பொருட்களும் உண்டு, அவை இந்தச் சோதனையில் மாட்டாது.

அடுத்த ஞாயிறு கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். “நாங்க வாங்கித்தாங்க்கா விக்கறோம், மூலிகை ஏதாச்சும் சேர்த்திருப்பாங்க” என்று பதில். பணம் திரும்பக் கிடையாதாம், வேண்டுமானால் வேறு கேன் தருவாராம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறதுதான், ஆனால் யார் மேல் புகார் சொல்வது? ரசீது வாங்கவில்லை. பொட்டலப் பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. என் கேனில் ஒரு எலுமிச்சைப் படம்தான் இருந்தது.

இப்போது நானே செய்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி, கொட்டையை நீக்கிவிட்டு, இருபது தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுகிறேன். கண்ணில் தெறித்தால் நன்றாக எரியும், ஜாக்கிரதை. வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடுகிறது, ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். மாதக்கணக்கில் கேனில் கெடாமல் நிற்கிறது என்றால் எப்படி என்று விற்பவரிடம் கேளுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு இது மட்டும் போதாது, முதலில் கடலை மாவு போட்டுத் துடைத்தெடுத்தால்தான் போகிறது. நுரையும் அவ்வளவு வராது. வீட்டுக்காரர் இன்னமும் முணுமுணுக்கிறார்.

இட்லிப் பானையில் புளித்தண்ணீரும் எலுமிச்சைத் தோலும் போட்டு இரண்டு தடவை கொதிக்கவைத்தேன். கறுப்பு பெரும்பாலும் போய்விட்டது, அடியில் மட்டும் ஒரு வளையம் நிற்கிறது. மிச்சம் மூன்று லிட்டர் கேனோடு பால்கனியில் கிடக்கிறது, செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை.