நீலகிரியில் 1/72 டைகர் மாத்: ஐந்து மழைக்காலம் தாண்டி எது நின்றது, எது தொய்ந்தது

பழைய பைபிளேன் (மேலும் கீழுமாக இரட்டை இறக்கை கொண்ட விமானம்) பிளாஸ்டிக் மாடல் கிட்டைத் திருத்திக் கட்டச் சொல்லித்தரும் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காய்ந்த அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஊட்டியில் அதே முறையில் கட்டினால், முடித்த அன்றைக்கு மாடல் அழகாகவே இருக்கும். ஆடிச் சாரலில் ரிக்கிங், அதாவது இறக்கைகளுக்கு நடுவே குறுக்கே கட்டும் கம்பிகள், தொய்யும். தை மாதக் குளிர் காற்றில் அதே ரிக்கிங் இழுத்து, இரு இறக்கைகளுக்கும் நடுவே நிற்கும் ஸ்ட்ரட்டைப் (தாங்கு குச்சி) பிடுங்கும். அதனால் கட்டி முடித்த நாளின் அழகை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. ஹீட்டர் இல்லாத அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து மழைக்காலத்தைத் தாண்டிய டைகர் மாத் (பழைய பிரிட்டிஷ் பயிற்சி விமானம்) மாடல்களில் என்ன மிஞ்சியது என்பதே இந்த மதிப்பீடு. எல்லாம் 1950, 60களின் அச்சிலிருந்து வந்த 1/72 கிட்டுகள், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவு. இறக்கையும் ஸ்ட்ரட்டும் பெரும்பாலும் புதிதாகச் செய்தவை.

முதலில் ஸ்கேல். நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 8.94 மீட்டர், உடல் நீளம் 7.29 மீட்டர். 1/72இல் அது 124 மி.மீ., 101 மி.மீ. கிட்டைத் திறந்ததும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக எதையும் வெட்ட வேண்டாம். கவனிக்க வேண்டியது இறக்கையின் பின்சாய்வு. முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற வழி வேண்டும் என்பதற்காக, தலைக்கு மேலிருந்த மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். அதனால் கெட்ட சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். டைகர் மாத்தின் முகம் அதுதான். சாய்வு குறைந்தால் வேறு ஏதோ விமானம் போலத் தெரியும்.

பழைய கிட்டின் பெரிய குறை இறக்கையின் பின்விளிம்பு. 0.8 மி.மீ. கனம் என்பது சின்னதாகத் தோன்றலாம். 72ஆல் பெருக்கினால் 58 மி.மீ. வருகிறது, அதாவது மூன்று விரல் கனம். நிஜத்தில் அங்கே இருப்பது துணி சுற்றிய மெல்லிய விளிம்பு. 0.2 மி.மீ. வரை தேய்த்தால் போதும். கண்ணாடித் துண்டின் மேல் டபுள் சைடு டேப் ஒட்டி, இறக்கையைக் குப்புறப் படுக்க வைத்து, அடிப்பக்கத்தை மட்டும் 240, 400, 800 என எமரித் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். கையில் பிடித்துத் தேய்த்தால் மெலிந்த விளிம்பு அலையலையாகிவிடும். மேல்பக்கத்துச் சாக்குத்துணி போன்ற சொரசொரப்பையும் பாதியாவது குறைத்துவிடுங்கள். டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசி இழுத்துக் கட்டிய லினன் துணியின் நெசவு இந்த அளவில் கண்ணுக்கே தெரியாது.

தேய்த்து மீளாத இறக்கையைப் புதிதாகச் செய்வதே மேல். இங்கேதான் மலை தன் வேலையைக் காட்டுகிறது. 1 மி.மீ. ஸ்டைரீன் (கிட்டின் பிளாஸ்டிக்) ஷீட்டில் இறக்கை வளைவைக் கொண்டுவர, ஷீட்டை உருளையில் கட்டிக் கொதிநீரில் போடச் சொல்வார்கள். கடல் மட்டத்தில் அது சரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஸ்டைரீன் நன்றாக இளகுவது கிட்டத்தட்ட 95இலிருந்து 100க்குள். அந்த ஏழெட்டு டிகிரிதான், "சொன்னபடியே செய்தேன், ஷீட் மறுபடி நிமிர்ந்துவிட்டது" என்ற புலம்பலுக்குக் காரணம். உப்புப் போட்டால் ஒரு டிகிரிகூட ஏறாது. குக்கரில் வைக்கவே வேண்டாம். உள்ளே 115 டிகிரிக்கு மேல் போய் ஷீட் துவண்டுவிடும்.

வேலை செய்த வழி இது. 75 மி.மீ. விட்டமுள்ள, வாய்ப்பக்கம் விரியாத எவர்சில்வர் டப்பாவின் மேல் ஷீட்டை வைத்து, க்ரேப் பேண்டேஜால் இறுக்கமாகச் சுற்றவும். கொதிநீரில் ஐந்து நிமிடம். வெளியே எடுத்த கையோடு பேண்டேஜின் மேலேயே ஹேர் டிரையரை இரண்டு நிமிடம் நகர்த்தி நகர்த்திக் காட்டவும். பிறகு பச்சைத் தண்ணீர். ஆறும்வரை பேண்டேஜைப் பிரிக்கக் கூடாது. ஷீட் கொஞ்சம் நிமிரும். அந்தக் கணக்கில்தான் தேவைக்கும் சிறிய விட்டத்தை எடுப்பது. இறக்கையின் அகலம் சுமார் 18 மி.மீ. என்பதால் 22 மி.மீ. பட்டையாக வளைத்து, பிறகு அளவுக்கு வெட்டலாம். ரிப் (இறக்கைத் துணிக்கு அடியில் விலா போலத் தெரியும் சட்டம்) கோடுகளுக்கு, வெற்று டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) ஷீட்டில் இரண்டு கோட் பிரைமர் அடித்து, புது பிளேடால் 0.5 மி.மீ. பட்டைகளாக வெட்டி ஒட்டுவது அழகு. ஸ்ப்ரூவை (கிட் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) சூடாக்கி இழுத்த இழையை ஒட்டினால் கயிறு போலப் புடைக்கும்.

ஸ்ட்ரட்டுக்கு ஊதுபத்திக் குச்சி. இதைப் படித்துத் தயங்குபவர்கள் ஒரு தடவை முயன்று பார்க்கட்டும். மூங்கில் நார் நேராகப் பிளக்கும். அதே கனத்துக்கு ஸ்டைரீனைவிட விறைப்பு அதிகம். பத்தியைத் தட்டி எடுத்துவிட்டு, அடிப்பாகத்தைப் பிளந்து, 1.2 x 0.5 மி.மீ. கண்ணீர்த்துளி வடிவத்துக்குத் தேய்க்கவும். முடிந்ததும் நீர்த்த சூப்பர் க்ளூவை முழுக்கப் பூசி, 800 தாளால் ஒரு தேய்ப்பு. இந்தப் பூச்சை விட்டுவிட்டால் முதல் மழையிலேயே நார் எழும்பி, பெயின்ட் மேல் மயிர் போல நிற்கும். நுனிகளுக்கு 1 சதுர மி.மீ. மின்சார ஒயரை உரித்தால் 14 செம்பு இழை கிடைக்கும், ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. அதுவே ஆணி. ஆணி இல்லாமல் வெறும் பசையில் நின்ற ஸ்ட்ரட்டுகளில் ஒன்றுகூட ஐந்தாம் ஆண்டைப் பார்க்கவில்லை. பிடோ குழாய்க்கும் (காற்று வேகம் அளப்பது) எக்ஸாஸ்டுக்கும் (புகைக்குழாய்) மருந்துக்கடை ஊசி: 30 கேஜ் 0.31 மி.மீ., 21 கேஜ் 0.82 மி.மீ.

மேல் இறக்கையை ஏற்றிப் பசை இறுகும் முன், இறக்கை நுனியிலிருந்து சுக்கான் அடிவரை டிவைடரால் இரு பக்கமும் அளக்கவும். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். எதிரிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது தெரிந்துவிடும்.

இனி ரிக்கிங். நிஜக் கம்பி காற்றைக் கிழிக்கும் தட்டை வடிவத்தில் இருக்கும், 6 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் 1/72இல் 0.08 மி.மீ. அதற்கு மேல் போகும் எதுவும் தடியாகவே தெரியும். இந்த அளவுக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஐந்து பொருள்களை வெவ்வேறு மாடல்களில் போட்டு வைத்ததில் தெரிந்தவை:

நைலான் நரம்பு கட்டச் சுலபம், விலை மலிவு, மலைக்கு ஆகாது. நைலான் ஈரத்தைக் குடித்து நீளும், காய்ந்தால் சுருங்கும். ஜனவரியில் கட்டியது ஜூலையில் தொய்கிறது. அதைப் பார்த்து ஜூலையில் இழுத்துக் கட்டினால் நிலைமை இன்னும் மோசம்: ஜனவரியில் சுருங்கி, இறக்கை நுனியை மேலே வளைத்து, பலவீனமான ஸ்ட்ரட்டைக் கழற்றிவிடும். தொய்ந்ததை ஊதுபத்திக் கனலால் இறுக்கச் சொல்வதும் இங்கே அதே பொறிதான்.

தலைமுடியைப் பழைய ஆட்கள் சிலர் இன்னும் சிபாரிசு செய்கிறார்கள். காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியிலேயே தலைமுடியைப் பயன்படுத்தினார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். முழு வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்கு அது இரண்டு சதவீதத்துக்கு மேல் நீளும். மாடல் அழகாக மழையைக் காட்டும், ரிக்கிங் நிற்காது.

லைக்ரா எலாஸ்டிக் இழை கை தவறித் தொட்டாலும் அறுவதில்லை. புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதுவே நல்லது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஜன்னல் வெயில் படும் பக்கத்து இழைகள் மட்டும் இழுவிசையை இழந்தன. வெயில் படாத அலமாரியில் இருந்தவை இன்றும் நேராக நிற்கின்றன.

ஃப்ளூரோகார்பன் நரம்பு ட்ரவுட் மீன் தூண்டிலுக்குப் போடும் நுனி நரம்பு. 8எக்ஸ் என்று கேட்டால் 0.076 மி.மீ. கிடைக்கும். தண்ணீரைக் குடிக்காது, ஐந்து ஆண்டிலும் தொய்வு இல்லை. குறை ஒன்றுதான்: சூப்பர் க்ளூ இதில் சரியாகப் பிடிக்காது. நுனியை 400 தாளுக்கு நடுவில் இரண்டு தடவை இழுத்துச் சொரசொரப்பாக்கி, கீழ் இறக்கையில் முழுத் துளையிட்டு ஊடே இழுத்து, துணி கிளிப்பைத் தொங்கவிட்டுப் பசை வைத்தால் நிற்கிறது. அரைத் துளையில் வெறும் பசையை நம்பினால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

செம்பு இழைக்கு முதல் இடம். பழைய இயர்போன் ஒயருக்குள் 0.08 மி.மீ. அளவில் இருக்கும். இரு நுனியையும் குறட்டில் பிடித்து, 'சட்' என்று லேசாக இழுத்தால் நேராகி விறைக்கும். டிவைடரால் அளந்து, கால் மில்லிமீட்டர் கூட்டி வெட்டி, வெள்ளைப் பசைத் துளியில் உட்கார வைக்க வேண்டியதுதான். இழுவிசையே இல்லாததால் இறக்கைக்குச் சுமை இல்லை. ஈரம் எதுவும் செய்வதில்லை. விரல் பட்டால் மடங்கும், மடங்கினால் நிமிராது, மாற்றத்தான் வேண்டும். ஒட்டும் முன் ஒரு கோட் வார்னிஷ் அவசியம். அதை விட்ட இடங்களில் பச்சை பூத்தது.

துளைகளைப் பெயின்டுக்கு முன்பே 0.3 மி.மீ. டிரில்லால் போட்டுவிடவும். பின் வைஸை (சிறு டிரில்லைப் பிடித்துச் சுழற்றும் கைக்கருவி) செங்குத்தாகப் பிடிக்காமல் பக்கவாட்டில் அழுத்துவதால்தான் இந்த டிரில்கள் முறிகின்றன. நடு ஸ்ட்ரட்டுகளுக்கு இடையிலுள்ள கம்பிகளில் தொடங்கி வெளிப்பக்கம் போனால், கட்டியதில் கை இடிக்காது.

பெயின்ட் விஷயத்தில் மாதத்தைப் பார்த்து அடிப்பதே நல்லது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழை இன்னும் கடுமை. மூடுபனி நாளில் லாக்கர் (வேகமாகக் காயும் பெயின்ட்) அடித்தால் வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதே காரணம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அடித்தால் தப்பலாம். பூத்துவிட்டால் ரிடார்டரை மட்டும் மெல்லியதாக ஒரு கோட், பெரும்பாலும் தெளிந்துவிடும். எனாமல் காய, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினால் போதும். தெர்மாமீட்டர் 40 டிகிரியைத் தாண்டாமல் மூடியைத் திறந்து வைக்கவும். தாண்டினால் மெலிந்த பின்விளிம்பு நெளியத் தொடங்கும். நிறத்தில் பலர் விடும் தவறு ஒன்று. போர்க்காலப் பச்சை, பழுப்பு வேடத்தில் கீழ் இறக்கையின் மேல்பரப்புக்கு வெளிர் பச்சையும் வெளிர் பழுப்பும் வரும். மேல் இறக்கையின் நிழலை ஈடுகட்டச் செய்த ஏற்பாடு அது. இரண்டுக்கும் ஒரே டின்னைத் திறக்காதீர்கள்.

சூப்பர் க்ளூ ஈரத்தில் வேகமாக இறுகும். கூடவே வெண்படலமும் அதிகம். காற்றுத்தடுப்புக் கண்ணாடிக்கு அதைத் தொடவே வேண்டாம், ஃபெவிகால் போதும். திறந்த சூப்பர் க்ளூ டியூபைச் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போட்ட மூடி ஜாடியில் வைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்த உடனே திறந்தால் உள்ளே நீர் கோத்துக் கெட்டியாகிவிடும். அரை மணி நேரம் வெளியே வைத்தபின் திறக்கவும்.

பழைய டீக்கால் மஞ்சளித்திருந்தால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு வாரம் ஒட்டி வைக்கலாம். ஆனி, ஆடியில் செய்தால் பூஞ்சைதான் மிச்சம்.

கண்ணாடிப் பெட்டி 30 செ.மீ. நீளம் என்றால் 50 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற வகையைக் கேட்டு வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் இருப்பதால் வீட்டுச் சமையலறையில் வைத்துச் சூடேற்ற அது ஏற்றதல்ல. சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் காய வைத்தால் மறுபடி பயன்படும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மற்ற மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை.