தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டே: ரூம் எடுங்க, பேக்கேஜ் வேணாம்

மொதல்லயே சொல்லிடறேன், எடம் அருமை, அங்க நம்மள வச்சு பண்ற புரோக்ராம்தான் தலைவலி. பேரு போடல, ஓனர் நல்ல மனுஷன், கொறைய நேர்லயே சொல்லிட்டுதான் வந்தேன். ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை சுமாரா 25 கிலோமீட்டர், அத தாண்டி அஞ்செட்டி ரோட்டுல கொஞ்சம் போயி மண்ரோட்ல உள்ள திரும்பணும்.

நான் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தா ஒடம்பு கெடக்கும், மண்டைக்குள்ள மட்டும் கம்பெனி மெஷின் லைன் ஓடிட்டே இருக்கும், பக்கத்துல யாராவது டம்ளர் வச்சா கூட எரிச்சலா வரும். அம்மாவுக்கு அபார்ட்மெண்ட் பால்கனிய விட்டா வேற ஒண்ணும் இல்ல. அதான் மார்கழில ஒரு வீக்கெண்ட் கெளம்பிட்டோம்.

ரூம் ரெண்டு விதம். ஒண்ணு பார்க்கிங் பக்கம், ஜன்னல தொறந்தா காம்பவுண்ட் செவுரும் ஜெனரேட்டரும். இன்னொண்ணு பின்பக்கம், ஜன்னல ஒட்டியே பெரிய புளியமரம், அதுக்கு அந்தாண்ட ராகிக்காடு. ரேட்டு 400 ரூபா வித்தியாசம், அந்த 400-ஐ மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. அமெரிக்காவுல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 1984-ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச ரூம்ல இருந்தவங்க, செங்கல் செவுரு தெரிஞ்ச ரூம்காரங்கள விட சீக்கிரம் வீட்டுக்கு போயிருக்காங்க, கடுமையான வலி மருந்தும் கம்மியாத்தான் தேவப்பட்டிருக்கு. மொத்தமே 46 பேர வச்சு பண்ண சின்ன ஆய்வுதான், அதுக்காக புளியமரத்தடில படுத்தா சுகர் எறங்கும்னு யாராவது கெளம்பிடாதீங்க. ஆனா எங்கம்மா காலைல அந்த ஜன்னல்கிட்ட ஒக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. தவிட்டுக்குருவிங்க கூட்டமா எறங்கி சருக கெளறி சண்ட போடுது, அணில் கெளைக்கு கெளை தாவுது, இவங்க காய பாத்துட்டு "இன்னும் ஓடு சரியா காயல, தை கடைசில உலுக்கலாம்டா"ங்கறாங்க. டிவி ரிமோட்ட எங்கன்னு கூட கேக்கல. நானும் மத்தியானம் படுத்தவன் சாயங்காலம்தான் முழிச்சேன், எப்ப தூங்கினேன்னே தெரியல.

சாப்பாடு பத்தி ரெண்டு வார்த்தை: களியும் அவரைக்கொட்டை குழம்பும் கேட்டு வாங்கி சாப்பிடுங்க, நூடுல்ஸ் பக்கம் போகாதீங்க.

இப்ப தலைவலிக்கு வர்றேன். 'வனக்குளியல்'னு ஒரு பேக்கேஜ், ஆளுக்கு 750 ரூபா. ஜப்பான்ல 1982-ல அங்க இருக்கற வனத்துறை ஆரம்பிச்ச விஷயம் இது, ஜனங்க காட்டுக்குள்ள போயி அவசரமில்லாம நடங்க, பாருங்க, மோந்து பாருங்கன்னு, அவ்ளோதான். இங்க என்னடான்னா கைடு காதுல மைக்கு, இடுப்புல ஸ்பீக்கர். "கண்ண மூடுங்க, ஒங்க கவலைய ஒரு எலைல வச்சு ஓடைல விடுங்க"ன்னு சொல்றாப்ல, பக்கத்துல இருந்த ஓடைல சொட்டு தண்ணி இல்ல. கூட்டிட்டு போனதும் காடு இல்ல, தைலமரத் தோப்பு. காட்டுக்குள்ள இஷ்டத்துக்கு கூட்டிட்டு போக முடியாதுதான், அந்தப் பக்கத்து காடுங்க 2014-ல அறிவிச்ச காவேரி வடக்கு சரணாலயம், 500 சதுர கிலோமீட்டருக்கு மேல, யானை நடமாட்டம் உள்ள எடம். அப்ப பேசாம தோட்டத்துலயே எங்கள விட்ருக்கலாமே? ராத்திரி வேற கேம்ப்ஃபயர்னு சொல்லி பெரிய பாக்ஸ்ல குத்துப்பாட்டு, எந்த சத்தத்துக்கு பயந்து ஓடி வந்தோமோ அதையே பில்லு போட்டு குடுக்கறாங்க.

பாட்டு நின்னப்பறம் வெளிய வந்தா வாட்ச்மேன் அண்ணன் ராகிக்காட்டு ஓரமா கம்பளி போத்திட்டு டார்ச்சோட ஒக்காந்திருந்தாரு. என்னண்ணே தூங்கலயான்னு கேட்டேன். "அறுப்பு முடியற வரைக்கும் ஏது சார் தூக்கம், யானை எறங்கிருச்சுன்னா ஒரே ராத்திரில காடு காலி. நாய் கொலைக்கறது நின்னா எனக்கு வயித்த கலக்கும்"னாரு. அதே நிசப்தத்த ரசிக்கத்தான் நான் ரூம் வாடகை கட்டியிருக்கேன், கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. இந்த மனுஷனுக்கும் ஒரு ராத்திரி லீவு குடுக்கற பேக்கேஜ் போட்டா நானே காசு கட்றேன்.

மாசாமாசம் இப்படி போக வசதி வேணாமான்னு கேப்பீங்க. இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேர்கிட்ட கேட்டு 2019-ல வந்த ஆய்வுல, வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான எடத்துல இருக்கறவங்க ஒடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு அதிகமா சொல்லியிருக்காங்க, ஒரே நாள்ல இருந்தாலும் பிரிச்சு இருந்தாலும் வித்தியாசம் தெரியலயாம். அதுக்கு நம்ம ஓசூர் ராமநாயக்கன் ஏரிக்கரையோ கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம் பூங்காவோ போதும், மைக்கு கைடு தேவையில்ல.

ஸ்டேக்கு 5-க்கு மூணரை குடுப்பேன், ஸ்பீக்கர கழட்டினா நாலரை. புக் பண்றப்பவே பின்பக்க ரூம்தான் வேணும்னு கேளுங்க, பேக்கேஜ தானா பில்லுல சேக்கறாங்க, எடுத்துற சொல்லுங்க. பைக்ல போறவங்க வெளிச்சம் இருக்கறப்பவே போயி சேந்துருங்க, இருட்டினப்பறம் அஞ்செட்டி ரோடு வேணாம்.