பில்லில் 16, உடம்பில் 14: முதியோர் இல்லத்தில் சிறுநீர் டியூப் கணக்கைச் சரிபாருங்கள்

குன்னூர் வட்டாரத்தில் மாதக் கட்டணம் வாங்கும் ஒரு முதியோர் இல்லம். புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. இடுப்பு எலும்பு அறுவை முடிந்து கோவையிலிருந்து நேரே அங்கே சேர்க்கப்பட்ட பெரியவருக்கு மூன்று மாதமும் பில்லில் ஒரே வரி: ‘சிறுநீர் டியூப் மாற்றியது, சிலிக்கான், 16’. மூன்றாம் மாதக் கடைசியில் குளிர்காய்ச்சல், அடிவயிறு வீக்கம், பையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கழற்றியபோது வந்தது 14 அளவு லேடக்ஸ் டியூப். கோவை ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும் அதே டியூப், நுனித் துளை சுண்ணாம்பு படிந்து அடைத்துப்போய். ஒருமுறைகூட மாற்றவில்லை.

இதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம், டியூபைத் தொடவும் வேண்டாம். வெளியே தெரியும் முனை இரண்டாகப் பிரியும். ஒன்று பைக்குப் போகும், இன்னொன்று, டியூப் நழுவாமல் உள்ளே பிடித்திருக்கும் பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் வால்வு. அந்த வால்வின் நிறம்தான் அளவு: 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. பக்கத்திலேயே அளவும் பலூன் எத்தனை மில்லி என்பதும் அச்சாகியிருக்கும். பில்லில் 16 என்று இருந்து வால்வு பச்சையாக இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

முழு சிலிக்கான் டியூப் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். லேடக்ஸ் மஞ்சள் கலந்த பழுப்பு. மேலே சிலிக்கான் பூசிய லேடக்ஸையும் ‘சிலிக்கான்’ என்றே பில் போடுகிறார்கள். விலையில் சில மடங்கு வித்தியாசம். பூச்சுள்ள லேடக்ஸ் பெரும்பாலும் 4 வாரம் வரை, முழு சிலிக்கான் 12 வாரம் வரை. அப்படியானால் இந்த பில் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது: உண்மையிலேயே முழு சிலிக்கான் போட்டிருந்தால், அடைப்போ கசிவோ இல்லாமல் மாதாமாதம் ஏன் மாற்ற வேண்டும்?

இதைவிட மோசம், பெரியவரின் நிலையை மாதாமாதம் எழுதும் அசெஸ்மென்ட் தாள். முதல் மாதம் எழுதியதை அப்படியே அடுத்த இரண்டு மாதத்துக்கும் இறக்கியிருக்கிறார்கள். ‘டியூப்: உண்டு’ என்ற கட்டத்திலும் டிக், ‘சில நேரம் அடக்க முடியாமல் போகிறார்’ என்பதிலும் டிக். வாரம் முழுக்க டியூப் இருப்பவருக்கு இரண்டாவது கேள்வியே பொருந்தாது. அந்த டிக்கை வைத்துத்தான் டயப்பர் கணக்கும் தனியாக ஏறியிருக்கிறது. பையில் இறங்கிய அளவு என்ற இடத்தில் தினமும் 1500, 1500, 1500. ஷிஃப்டுக்கு ஒருமுறை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்தவர் எழுதினால் 380, 450, 290 என்று ஏறி இறங்கித்தான் வரும். மலைக் குளிரில் வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதே கம்மி. இந்த உருண்டை எண் நம்புகிற மாதிரி இல்லை.

அமெரிக்காவில் அரசு மருத்துவத் திட்டங்களில் பணம் பெறும் நர்சிங் ஹோம்கள் நிரப்ப வேண்டிய எம்.டி.எஸ். படிவத்தில் இதற்கென்றே எச் என்று ஒரு பிரிவு உண்டு. டியூப் பற்றிய கேள்வி, கடைசி 7 நாளில் என்ன இருந்தது என்பதுதான். உள்ளே தங்கும் டியூப், ஆணுறை போல வெளியே மாட்டுவது, அவ்வப்போது போட்டு எடுப்பது எல்லாம் தனித்தனிக் கட்டம். அடிவயிற்றில் துளையிட்டுப் போட்டது முதல் கட்டத்தில் சேரும். 7 நாளும் டியூப் இருந்தால் அடக்கும் திறனுக்கு மதிப்பெண்ணே கிடையாது, 9 என்று போட்டு விட்டுவிட வேண்டும். நரம்புக் கோளாறு, அடைப்பு போன்ற காரணம் நோய்ப் பட்டியலில் தனியாக வர வேண்டும். இங்கே ஒவ்வொரு இல்லமும் தன் இஷ்டத்துக்கு ஒரு தாள் அச்சடிக்கிறது. காரணம் கேட்கும் கட்டமே பலவற்றில் இல்லை.

அந்தக் கட்டம் இருந்திருந்தால் இந்தப் பெரியவருக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. சம்மரியில் ‘10 நாளில் டியூப் எடுத்துப் பார்க்கவும்’ என்று தெளிவாக இருக்கிறது. காலையில் எடுத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, தானாகப் போகிறாரா என்று சுமார் 6 மணி நேரம் கவனித்து, போன அளவை அளந்து, சிறுநீர்ப்பையில் மீதி இருப்பதை ஸ்கேனில் பார்ப்பது அரைநாள் வேலை. யாரும் செய்யவில்லை. இப்போது தொற்று தணிந்த பின் எடுத்துப் பார்த்ததில் அவர் தானாகவே போகிறார்.

பை விஷயத்தில் இன்னொரு கூத்து. குளிருக்குப் பையைக் கம்பளிக்குள் கால் மேலேயே வைத்திருக்கிறார்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல், கட்டில் கம்பியில் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய மூத்திரம் திரும்ப உள்ளே ஏறும். அந்தப் பையிலிருந்தே எடுத்து கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்து, ‘கிருமி இருக்கிறது’ என்று ஊசி மருந்துக்கும் பில். மாதக்கணக்கில் டியூப் இருப்பவருக்குக் கிருமி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். காய்ச்சல், குழப்பம் மாதிரி அறிகுறி இருந்தால்தான் கல்ச்சர், அதுவும் புது டியூப் போட்டு அதிலிருந்து.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேட்க வேண்டியது: டியூப் உறையிலிருந்து கிழித்து சார்ட்டில் ஒட்டிய லேபிள், பேட்ச் எண்ணோடு, பலூனிலிருந்து எடுத்த தண்ணீர், புதிதாக ஏற்றிய தண்ணீர் எத்தனை மில்லி, போட்ட சிஸ்டரின் பெயர், நேரம். லேபிள் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

புகாருக்கு மாவட்ட சமூக நல அலுவலகம், முதியோர் உதவி எண் 14567. பணத்துக்கு உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கழற்றிய டியூபை வால்வும் அச்சும் தெரியப் படமெடுத்து, கழற்றிய ஆஸ்பத்திரியின் குறிப்பில் அளவையும் எழுதி வாங்குங்கள்.

இல்லத்தின் பதில்: ‘புது ஸ்டாஃப் தெரியாமல் எழுதிட்டாங்க’. ஒரு மாத டியூப் பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம், ‘இனி கோரிக்கை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால். குடும்பம் போடவில்லை.