பூசாத சுவரை மறைக்க எந்தக் கொடி?

பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தார். தெருப்பக்கம் டைல்ஸ் வரை ஒட்டி முடித்தவர், எங்கள் முற்றத்தைப் பார்த்த பக்கத்தை மட்டும் செங்கல்லும் வழிந்த கலவையும் இரண்டு பிவிசி குழாயுமாக விட்டுவிட்டார். தினமும் காபி குடிக்க உட்கார்ந்தால் அதுதான் காட்சி. முற்றம் முழுக்க சிமெண்ட் தரை, குழி தோண்ட வழியில்லை. சுவரும் நம்முடையது இல்லை, ஆணி அடிக்க முடியாது. அதனால் கொடி தொட்டியில் வளர வேண்டும், தனியாக நிற்கும் சட்டத்தில் ஏற வேண்டும், வருஷம் முழுக்க இலையோடு இருக்க வேண்டும்.

நர்சரியில் முதல் கேள்வியே, "சுவர் எந்தப் பக்கம்ணே பாக்குது?" கிழக்கு என்றேன். தப்பு. சுவர் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, அதன் முகம் மேற்கே. மதியம் பிடிக்கிற வெயில் பொழுது சாயும்வரை விடாது. சித்திரையில் ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டாலும் செங்கல் சுடும். மதுரையில் கொடி வாங்கப் போகிறவர் பூவின் நிறத்தை யோசிக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மேற்கு முகம் என்று ஆனதுமே மணி பிளாண்ட் கழன்றது. எனக்கு ஆசை வெற்றிலை மேல்தான். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நம்ம ஊர்க் கொடி, பளபளவென்ற இலை. ஆனால் கொடிக்காலில் அதை அகத்தி நிழலில் ஈரம் காயாமல் வளர்க்கிறார்கள். மாலை வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இலை கருகிவிடும். உங்கள் சுவர் வடக்கையோ கிழக்கையோ பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு வெற்றிலையை வையுங்கள்.

சுவரில் பல்லி மாதிரி ஒட்டி ஏறும் ஃபைகஸ் புமிலா, படங்களில் பார்க்க அழகு. அது வேர்விட்டுச் சுவரைப் பிடிக்கிறது. பிய்த்தால் தடம் நிற்கும். அடுத்தவர் சுவரில் அது வேண்டாத வம்பு. போதாக்குறைக்கு, கொதிக்கிற செங்கல்லில் இளங்கொடி ஒட்டாமல் காய்ந்துவிடும்.

மிச்சம் இருந்த நிஜப் போட்டி காகிதப்பூ, ரங்கூன் மல்லி, பூண்டுக் கொடி மூன்றுக்கும்தான்.

காகிதப்பூவை வெயில் ஒன்றும் செய்யாது. தொட்டியில் வேர் நெருக்கப்பட்டால் இன்னும் நன்றாகவே பூக்கும். தண்ணீரை அள்ளி ஊற்றினால்தான் பூ குறைந்து இலையாகத் தள்ளும். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் பிழைத்துக்கிடக்கும். குறை என்னவென்றால், அது தானாகப் பற்றி ஏறாது. முள்ளை ஊன்றிச் சாயும், அவ்வளவுதான். கிளை கிளையாக நாம் கட்டிவிட வேண்டும். அடியில் கம்பு மொட்டையாகி, இலையெல்லாம் உச்சிக்குப் போய்விடும். நமக்கோ அடிச்சுவரும் மறைய வேண்டும். உதிர்ந்த காகிதம் முற்றமெல்லாம் பறப்பதைப் பெருக்குகிறவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் கேட்டதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத வேண்டாம்.

ரங்கூன் மல்லிக்கு வேகம் அதிகம். சாயங்காலம் வெள்ளையாக விரியும் பூ, அடுத்தடுத்த நாளில் ரோஸாகி, அப்புறம் சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் நிற்கும், வாசனையும் உண்டு. ஆனால் அதற்குச் சின்னத் தொட்டி போதாது. நீல டிரம்மைப் பாதியாக வெட்டிய தொட்டியாவது வேண்டும். கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் இலையைக் கொட்டிச் சுவரைக் காட்டிவிடும்.

பூண்டுக் கொடியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. இலையைக் கசக்கினால் அசல் பூண்டு வாசம். பற்றுக்கம்பி விட்டு வலையைத் தானே பிடித்துக்கொள்ளும், முள் கிடையாது. இலை அடர்த்தி, உதிர்வது குறைவு. ஊதாவாகப் பூத்து வெளிறி வெள்ளையாகும். முதல் வருஷம் நகரவே நகராது, பொறுமை வேண்டும். சுவர் மறைய வேண்டும் என்பது மட்டும் கணக்கு என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

முல்லையை விட மனசு வரவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில்தானே இருக்கிறது. ஆனால் பூவுக்காக வெட்டிவிட்டால் மறைப்பு போகும், வெட்டாமல் விட்டால் பூ குறையும். ஓரத்தில் ஒரு தொட்டி போதும். மதுரை மல்லியைக் கேட்பவர்களுக்கு: அது புதர், சுவர் ஏறாது.

மொட்டை மாடி நம்முடையதாக இருந்து, அதற்குக் கீழுள்ள சுவரை மறைப்பதானால் கணக்கே வேறு. கர்ட்டன் கிரீப்பரை மேலே வைத்துத் திரை மாதிரி தொங்க விடலாம், சட்டமே வேண்டாம். எங்களுக்கு அந்த வாய்ப்பில்லை.

கடைசியில் இரண்டு அரை டிரம்மில் பூண்டுக் கொடி, நடுவில் ஒன்றில் ரங்கூன் மல்லி. பூண்டுக் கொடி சோம்பிக் கிடந்த மாதங்களில் சங்குப்பூ விதையை ராத்திரி ஊறவைத்து அதே தொட்டியில் ஊன்றினேன்; அது ஏறி மானத்தைக் காப்பாற்றியது. மானாமதுரை மண்தொட்டி வாங்கத்தான் நினைத்தேன். அழகுதான், ஆனால் இந்த வெயிலில் மண் சீக்கிரம் காய்கிறது, முல்லைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். டிரம்முக்குச் சுண்ணாம்பு அடித்து, செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மாதம் ஒருமுறை அடித்துளை வழியாக வழிந்தோடும்வரை நல்ல தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் இலை நுனி கருகும்.

ஜிஐ பைப் சட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்றைக்காவது பூச வந்தால் கொத்தனார் கை நுழைய வேண்டுமே. கொடி அடர்ந்தால் பாம்பு வரும் என்று அம்மா சொன்னதற்காக, கீழேயும் ஒரு அடி விட்டுத்தான் வலை கட்டினோம். இதுவரை வந்தது ஓணான் மட்டும்.