பங்குனியில் செட்டிநாட்டு வீடுகள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆறேழு வீடு எழுதிய பட்டியலோடு வருகிறார்கள். காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று, அவ்வளவு போதும் என்பேன். அதற்குமேல் போனால் எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரியும். பார்க்கிற மூன்றில் ஒன்றாவது முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடக்கவிடுகிற வீடாக இருக்கவேண்டும். இது மட்டும் அமைந்துவிட்டால் மற்ற இரண்டும் எப்படி இருந்தாலும் வந்ததற்குப் பலன் உண்டு.

நான் சுண்ணாம்பு வேலைக் கொத்தனார். அப்பாவுக்கும் இதே தொழில்தான். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம் பக்கம் பழைய வீட்டு மராமத்து பார்க்கிறேன். இந்தப் பங்குனியில் ஈரோட்டிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர்களைக் கூட்டிப்போன இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை ஆத்தங்குடி பெரிய வீடு. லட்சுமி வீடு என்றும் சொல்வார்கள், முகப்பின் மேலே லட்சுமி இருக்கிறாள். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். முன் கூடத்தில் நுழைந்ததும் மச்சான் அண்ணாந்து பார்த்தவர் கழுத்தை இறக்கவே இல்லை. மரக்கூரையில் அத்தனை வண்ண வேலைப்பாடு. கீழே பளிங்கு, சுற்றிலும் ஆத்தங்குடிக் கல். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்கிற வீடு இதுதான். ஆனால் காலையில் கதவு திறந்த உடனே போய்விட வேண்டும். வேன்கள் வந்து நின்றுவிட்டால் கூடத்தில் படம் எடுக்கிற கூட்டம் நகராது, வேலைப்பாட்டை நின்று பார்க்க முடியாது.

அதே ஊரில் தரைக்கல் போடுகிற பட்டறைகளையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் நின்று பார்க்க விடுவார்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சுக்குள் சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும், அதற்குமேல் ஈரக்கலவை. பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். சூளையே கிடையாது. கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. மச்சான் மகள் பெரிய வீட்டில் இருந்ததைவிட இங்கேதான் அதிக நேரம் நின்றாள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து கானாடுகாத்தான். அரண்மனை என்று எல்லோரும் சொல்கிற ராஜா வீடு 1912-ல் கட்டியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டிய வீடு. பொதுவாக உள்ளே விடுவதில்லை. வெளியில் நின்று மாடத்தையும் தூண்களையும் பார்த்துவிட்டு நகரவேண்டியதுதான். இதற்காக மட்டும் வெகுதூரம் வராதீர்கள். தெருவுக்காக வாருங்கள். அந்தத் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேர் நேராகப் போகும். ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்றால் கதவுக்குள் கதவாகக் கொல்லை வெளிச்சம் வரை தெரியும்.

அங்கே வெளியாட்களுக்குச் சுற்றிக் காட்டுகிற பழைய வீடுகள் சில உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் திண்ணையில் இருப்பார், கேட்டால் திறந்துவிடுவார். நாங்கள் போன வீட்டில் ஒரு வயதான அம்மா. "செருப்ப இங்கனயே விட்டுட்டு வாங்கப்பா, கல்லு குளுகுளுன்னு இருக்கும்" என்றார். உச்சி வெயில் நேரம், ஆனாலும் பட்டாலையில், அதாவது உள்ளே இருக்கிற மேடைத் திண்ணையில், உட்கார்ந்ததும் வியர்வை அடங்கிவிட்டது.

அதற்குக் காரணம் சுவர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்கள் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள், கண்ணாடியைப் படம் எடுக்கிறார்கள், சுவரைத் தொட்டுப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்தவை, காசு இருந்தால் யாரும் வாங்கலாம். இந்தப் பூச்சு இங்கே கைகளால் ஆனது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு. அடியில் மணலும் சுண்ணாம்பும். மேலே போகப்போக மணல் குறைந்து அரைப்பு நைசாகும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரில் குழைப்போம். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேரும். ஈரம் இருக்கும்போதே வழுவழுப்பான கல்லால் தேய்க்கவேண்டும். தேய்க்கத் தேய்க்க மாவுபோல இருந்தது கண்ணாடியாகும். அவசரப்பட்டால் வெடித்துவிடும், தாமதித்தால் மினுக்கம் வராது. நூறு வருசம் கழித்தும் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிற சுவர் அப்படி வந்தது. நீங்கள் போகிற வீட்டில் கேட்டுக்கொண்டு ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

அந்த வீட்டில் பின்கட்டு வரை விட்டார்கள். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நான்கு பக்கமும் நாட்டு ஓட்டுக் கூரை உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழை வந்தால் தண்ணீர் மூலைக்கு இறங்கி அண்டாக்களில் விழும், மிச்சம் கல் ஓடை வழியாகத் தெருவுக்குப் போய் ஊரணியில் சேரும். பங்குனியில் மழை இல்லை, ஆனால் ஓடையின் சரிவைக் குனிந்து பார்த்தாலே புரிந்துவிடும். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அடுத்த கட்டில் பந்தி நடக்கிற இடம், அதற்குப் பின்னால் அடுப்படி, ஆட்டுக்கல், கிணறு. ராஜா வீட்டு முகப்பைவிட இந்த அடுப்படிதான் எங்கள் அக்காவுக்குப் பிடித்தது. புகை போக வைத்திருக்கும் திறப்பைக் காட்டி, "நம்ம புது வீட்டுல இத விட்டுட்டோமே" என்று மச்சானிடம் சண்டைக்கே போய்விட்டார்.

காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ல் கட்டியது. தனியார் வீடு, வெளியிலிருந்து பார்ப்பதுதான். போகிற வழியில் இருந்தால் வண்டியை நிறுத்துங்கள், தனியாக நேரம் ஒதுக்கவேண்டாம்.

இரவு தங்குவதற்குச் செலவு செய்ய முடிந்தால் கொத்தமங்கலம் சாரதா விலாஸ். 1910-ல் கட்டிய வீடு. பிரான்சிலிருந்து வந்த இரண்டு கட்டடக் கலைஞர்கள் மீட்டு எடுத்தார்கள். வீட்டை வீடாகவே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். கானாடுகாத்தானில் விசாலம் வேறு வகை, ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு, கொஞ்சம் பிந்திய பாணி. தேக்குத் தூணையே பார்த்துச் சலித்தவர்களுக்கு நல்ல மாற்றம். இரண்டும் நம் சம்பளத்துக்கு அதிகம்தான். தங்காவிட்டாலும், முன்கூட்டியே போன் செய்து மதியச் சாப்பாட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மச்சான் குடும்பம் தங்கியது வேறொரு பழைய வீட்டு விடுதியில். சாப்பாட்டில் குறையே இல்லை. கவுனி அரிசி இனிப்பு, வெண்டைக்காய் மண்டி, வெள்ளைப் பணியாரம் எல்லாம் கைப்பக்குவம். ஆனால் அறைச் சுவரைப் பார்த்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும், ஈரத்தை வாங்கி வெளியே விடும். பெயிண்ட் வாயை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சோடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். கட்டிலுக்குப் பின்னால் அப்படித்தான் உப்பி நின்றது. அறை போடும் முன்னால் "சுவர் பழைய பூச்சா, பெயிண்டா?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த அறைக்காவது சுண்ணாம்பு அடிப்பார்கள்.

தோட்டம் எங்கே என்று மச்சான் மகள் கேட்டாள். ஊட்டி மாதிரிப் பூங்கா இங்கே இல்லை, இது செம்பூராங்கல் பூமி. எங்கள் ஊர்த் தோட்டம் ஊரணிக்கரைதான். மாசி பங்குனியில் இலுப்பை பூக்கும், வேம்பு பூக்கத் தொடங்கும், சித்திரை நெருங்கினால் சரக்கொன்றை. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் கானாடுகாத்தானிலோ இளையாத்தங்குடிக் கோயில் பக்கமோ போய்ப் படியில் உட்காருங்கள். நகரத்தார், அதாவது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள், தங்களுடையவை என்று கொண்டாடும் கோயில்கள் ஒன்பதில் இளையாத்தங்குடியும் ஒன்று. மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று மற்றவற்றையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள், ஒன்று போதும்.

பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்து எல்லோரும் கேட்கிறார்கள், ஏன் இப்படி விட்டார்கள் என்று. விட்டுவிடவில்லை. ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது கல்யாணமான குடும்பங்கள், பங்கு. சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதித்தாக வேண்டும். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன, ஆனால் பட்டியலில் இருப்பதால் ஓடு மாற்றக் காசு வராது. பிரித்த வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. போய்ப் பாருங்கள், பித்தளையும் எனாமல் பாத்திரமும் ஏராளம். பழைய தூண் மட்டும் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாங்க ஆள் இருக்கிறவரை பிரிக்கவும் ஆள் இருக்கும். கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டுமென்றால் கண்டாங்கிச் சேலை, ஓலைக் கொட்டான்.

நேரத்தைப் பற்றி: மாசிக் கடைசி, பங்குனி முதல் பாதி நல்லது. சித்திரை பிறந்தால் பத்து மணிக்குமேல் தெருவில் நடக்க முடியாது. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா, குன்றக்குடிப் பங்குனி உத்திரம் இரண்டின் தேதியும் பார்த்துக்கொள்ளுங்கள். பால்குடமும் காவடியும் பார்க்க ஆசை என்றால் அந்த நாளிலேயே வாருங்கள். வீடுதான் பார்க்கவேண்டும் என்றால் அந்த நாட்களைத் தவிருங்கள், அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது.

திருச்சி வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடம். 1687-ல் கட்டிய திருமயம் கோட்டை, காலை வெயில் ஏறுமுன் மேலே போய்விடவேண்டும். அடுத்து, புதுக்கோட்டைப் பக்கம் நமுனசமுத்திரம் அய்யனார் கோயில். பாதையின் இருபுறமும் மண் குதிரைகள் மரநிழலில் வரிசையாக நிற்கும். மச்சான் குடும்பத்தை அங்கே காட்டித்தான் ரயிலேற்றினேன். மதுரைப் பக்கம் திரும்புகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடலாம், சுற்று அதிகம்.