மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸா: கனெக்‌ஷன் கிடைக்காத ராத்திரியில் எது உண்மையைச் சொல்லும்?

எது வேகம், எதில் வசதி அதிகம் என்று மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களையும் ஒப்பிட்டு எழுதியவர்கள் ஏராளம். நான் பார்க்கப்போவது வேறு விஷயம். ராத்திரி பதினோரு மணிக்கு "சாஃப்ட்வேர் ஓபன் ஆகல" என்று போன் வருகிறது. தூரத்து மெஷினில் கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச் வழியே லினக்ஸ் மெஷினுக்குள் நுழைகிறோம். கையில் இருப்பது ஒரே ஒரு எரர் வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்க இந்த இரண்டில் எது அதிகம் ஒத்துழைக்கிறது? ஒரே உபுண்டு சர்வரில் பில்லிங்குக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கட்டி மேய்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

சர்வர் வரை போகவே முடியவில்லை என்றால் என் ஓட்டு மைஎஸ்கியூஎல்லுக்கு. காரணம், அதன் எரர் வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும் ஒரு சின்ன எண். வரியின் தொடக்கத்தில் வரும் எண் 2002 என்றால் சாக்கெட் ஃபைல் வழி (ஒரே மெஷினுக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் ஃபைல்), 2003 என்றால் நெட்வொர்க் வழி என்பது வரை எல்லோரும் கவனிப்பார்கள். (பிஎச்பி மட்டும் இரண்டுக்குமே 2002 என்றுதான் சொல்லும், ஏமாற வேண்டாம்.) ஆனால் விஷயமே அந்த அடைப்புக்குறி எண்ணில்தான் இருக்கிறது. அது மைஎஸ்கியூஎல்லின் எண் அல்ல, லினக்ஸின் மையமான கெர்னல் கொடுத்தது. 2 என்றால் சாக்கெட் ஃபைலே அங்கே இல்லை. 13 என்றால் ஃபைல் இருக்கிறது, தொட அனுமதி இல்லை. 111 என்றால் மெஷின் உயிரோடு இருக்கிறது, பதிலும் சொல்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் (சர்வர் காது கொடுக்கும் எண்ணிட்ட வாசலில்) யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 110 என்றால் பதிலே வரவில்லை, பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கிக்கொண்டிருக்கும். இந்த எண்களை மனப்பாடம் செய்யவும் தேவையில்லை. மைஎஸ்கியூஎல்லோடு வரும் 'பிஎரர்' என்ற கட்டளையிடம் எண்ணைக் கொடுத்தால் அர்த்தம் சொல்லிவிடும்.

இந்த வரிசையில் ஒன்று மட்டும் ஆளைக் குழப்பும்: 113. 'அந்த மெஷினுக்குப் போக வழி இல்லை' என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் கேபிளைப் பிடுங்கிச் சொருகி, ரவுட்டரைத் திட்டி, அரை மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன். ரெட்ஹாட் குடும்ப லினக்ஸில் ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் சர்வீஸ் ஓடினால், திறக்காத போர்ட்டைத் தட்டும்போது அது நிராகரிக்கும் விதத்தால் இதே 113 வரும். மெஷினுக்கு பிங் போகிறது, டேட்டாபேஸுக்கு மட்டும் 113 என்றால் நேராக ஃபயர்வால்டியைப் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ் இதையே எண் இல்லாமல் வார்த்தையில் சொல்லும். எந்த ஐபி, எந்த போர்ட் என்று எழுதி, 'சர்வர் அங்கே ஓடுகிறதா, இணைப்பை ஏற்கிறதா?' என்று நம்மையே திருப்பிக் கேட்கும். புதிதாக வந்தவருக்கு இது இதமாக இருக்கும். எனக்கு எண்ணே போதும். ஆனால் 'பிஜி இஸ்ரெடி' என்ற குட்டிக் கருவிக்காக போஸ்ட்கிரெஸைப் பாராட்டியாக வேண்டும். பாஸ்வேர்டு கேட்காது. ஏற்கிறது, இப்போதைக்கு மறுக்கிறது, பதிலே இல்லை என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லும். கரண்ட் போய் வந்தபின் சர்வர் லாக்குகளைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்த 'இப்போதைக்கு மறுக்கிறது' என்ற பதில் தங்கம். பொறுத்திருந்தால் போதும் என்று தெரிந்துவிடும். மைஎஸ்கியூஎல் பக்கம் 'மைஎஸ்கியூஎல்அட்மின் பிங்' இருக்கிறது. பாஸ்வேர்டு தப்பென்று திட்டினாலும் சர்வர் உயிரோடு இருந்தால் வெற்றி என்றே கணக்கில் வைக்கும். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இங்கே போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் ஒரு குழியையும் சொல்லிவிடுகிறேன். டெபியன், உபுண்டுவில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியிடம் போஸ்ட்கிரெஸ் நிலவரம் கேட்டால் பச்சை நிறத்தில் 'ஆக்டிவ்' என்று வரும், பக்கத்திலேயே 'எக்ஸிடட்' என்றும் இருக்கும். பச்சையைப் பார்த்து நிம்மதியானால் போச்சு. அந்த சர்வீஸ் வெறும் குடை. உண்மையான சர்வர் வெர்ஷன் எண்ணோடு, 'போஸ்ட்கிரெஸ்கியூஎல் அட் 16 மெயின்' என்பது போன்ற பெயரில் தனியாக ஓடுகிறது. அது செத்துக் கிடந்தாலும் குடை பச்சையாகத்தான் இருக்கும். 'பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்' என்று அடித்தால் எந்த வெர்ஷன், எந்த போர்ட், ஓடுகிறதா இல்லையா என்று ஒரே வரியில் வரும். வெர்ஷன் அப்கிரேடு செய்தபின் புதியது 5433இல் உட்கார்ந்திருக்க, ஆப் மட்டும் 5432இல் பழையதோடு பேசிக்கொண்டிருக்கும் கூத்தும் இதில்தான் வெளிப்படும்.

லோக்கல்ஹோஸ்ட் என்ற வார்த்தையிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. மைஎஸ்கியூஎல்லின் சொந்த கிளையன்டுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் நெட்வொர்க்கே கிடையாது, சாக்கெட் ஃபைல்தான். 127.0.0.1 என்று எழுதினால்தான் 3306ஆம் போர்ட்டுக்குப் போகும். போஸ்ட்கிரெஸில் ஹோஸ்ட் எதுவும் கொடுக்காவிட்டால் சாக்கெட், லோக்கல்ஹோஸ்ட் என்றால் நெட்வொர்க். போஸ்ட்கிரெஸ் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. டெர்மினலில் உள்ளே போகிறது, ஜாவா ஆப் மட்டும் போகவில்லை என்ற புகாரின் வேர் பல சமயம் இதுதான். ஜாவா டிரைவர் நெட்வொர்க் வழியாகவே வரும், நீங்கள் டெர்மினலில் சோதித்ததோ சாக்கெட்டை. இரண்டும் வேறு வேறு வாசல்.

சரி, சர்வரைத் தொட்டாகிவிட்டது, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் போஸ்ட்கிரெஸ் எங்கேயோ உயரத்துக்குப் போய்விடுகிறது. யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் 'பிஜி எச்பிஏ' கன்ஃபிக் ஃபைலில் உங்களுக்கான வரி இல்லை என்றால், எந்த ஐபியிலிருந்து, எந்த யூசர், எந்த டேட்டாபேஸ், என்கிரிப்ஷன் உண்டா இல்லையா என்று நான்கையும் எரரிலேயே கொட்டிவிடும். அப்படியே எடுத்து ஒரு வரியாக எழுதி ரீலோடு செய்தால் அந்தக் கதவு திறந்துவிடும். பாஸ்வேர்டு தவறு என்றாலும் வெளியில் மொட்டையாகச் சொல்லிவிட்டு, சர்வர் லாகில் மட்டும் அந்த யூசரே கிடையாது, அல்லது எச்பிஏ ஃபைலின் இத்தனையாவது வரி பொருந்தியது என்று எழுதி வைக்கும். வெளியாளுக்குத் துப்புக் கொடுக்காமல் வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லும் இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மைஎஸ்கியூஎல் உள்ளே விட மறுக்கும்போது தரும் 1045 எரர் அப்படி அல்ல. யூசர் இல்லையா, யூசர் இருந்தும் இந்த ஐபிக்கு அனுமதி இல்லையா, பாஸ்வேர்டு தப்பா, எல்லாவற்றுக்கும் ஒரே பல்லவி. அதில் உருப்படியான துப்பு இரண்டுதான். ஒன்று, யூசர் பெயருக்குப் பின்னால் வரும் ஹோஸ்ட். சர்வர் உங்களை எங்கிருந்து வந்தவராகப் பார்க்கிறது என்று அது காட்டும். மைஎஸ்கியூஎல்லில் பெயரும் ஹோஸ்ட்டும் சேர்ந்ததுதான் ஒரு யூசர். லோக்கல்ஹோஸ்ட்டில் இருக்கும் 'ராஜா' வேறு, எங்கிருந்தும் வரலாம் என்ற சதவீதக் குறி போட்ட 'ராஜா' வேறு. பாஸ்வேர்டும் வேறாக இருக்கலாம். இன்னொரு துப்பு, கடைசியில் பாஸ்வேர்டு பயன்படுத்தப்பட்டதா என்பதற்கு வரும் ஆம், இல்லை. 'இல்லை' என்றால் ஆப் தன் கன்ஃபிக் ஃபைலையே படிக்கவில்லை என்று பிடித்துவிடலாம். லாகில் தேடலாம் என்றால், லாக் விவர அளவை இயல்பான 2லிருந்து 3க்கு ஏற்றாதவரை இந்த மறுப்புகள் அங்கே பதிவாவதே இல்லை.

போஸ்ட்கிரெஸிலும் வரி சேர்த்த பிறகு கவனம் வேண்டும். எச்பிஏ ஃபைலில் மேலிருந்து முதலில் பொருந்தும் வரிதான் செல்லும். அதில் தோற்றால் அடுத்த வரிக்கு இறங்காது. அதனால் கடைசியில் சேர்த்த அழகான வரி கண்ணிலேயே படாமல் போகலாம். அப்புறம், எச்பிஏவுக்கு ரீலோடு போதும், ஆனால் வெளி ஐபிகளிலிருந்து கேட்பதற்கான 'லிசன் அட்ரஸஸ்' மாற்றத்துக்கு ரீஸ்டார்ட்டே தேவை. ரீலோடு செய்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று தலையைச் சொறிவது இதற்காகத்தான். மைஎஸ்கியூஎல்லின் 'பைண்ட் அட்ரஸ்' மாற்றத்துக்கும் ரீஸ்டார்ட்தான். மாற்றம் பிடித்ததா என்று இரண்டுக்குமே, எந்த ஐபியில் சர்வர் கேட்கிறது என்று காட்டும் 'எஸ்எஸ்' கட்டளையில் பார்த்துவிடுங்கள். 127.0.0.1 என்றே இன்னும் காட்டினால் வேறு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம்.

பழைய கிளையன்ட், புது சர்வர் சண்டையில் இரண்டும் சமம். மைஎஸ்கியூஎல் 8.0 பாஸ்வேர்டு முறையை மாற்றியது, போஸ்ட்கிரெஸ் 14 ஸ்கிராம் என்ற பாஸ்வேர்டு முறையை இயல்பாக்கியது. இரண்டு இடத்திலும் மருந்து ஒன்றுதான், டிரைவரைப் புதுப்பியுங்கள். சர்வரைப் பழைய முறைக்கு இறக்குவது தற்காலிகச் சமாளிப்பு. மைஎஸ்கியூஎல் 9.0இல் அந்தப் பழைய முறையையே தூக்கிவிட்டார்கள்.

கூட்டம் நிரம்பி வழியும்போது? ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளுக்கு மைஎஸ்கியூஎல்லின் இயல்பான வரம்பு 151, போஸ்ட்கிரெஸுக்கு 100. மைஎஸ்கியூஎல் அட்மினுக்காகக் கூடுதலாக ஒரு இடம் வைத்திருக்கும், போஸ்ட்கிரெஸ் அந்த நூறுக்குள்ளேயே மூன்றை ஒதுக்கும். ஆப்பையே சூப்பர் யூசராக ஓட்டினால் அந்த மூன்றையும் அதுவே தின்றுவிடும், உள்ளே போய்ப் பார்க்க நமக்கு இடம் இருக்காது. வரம்பை ஏற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பிராசஸ் எடுப்பதால் அங்கே அது கனக்கும். சில இணைப்புகளையே பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை முன்னால் வைப்பதுதான் வழி. மைஎஸ்கியூஎல் ஒரே பிராசஸுக்குள் ஓடும் இலேசான த்ரெட்டோடு சமாளிப்பதால் கொஞ்சம் தாங்கும்.

ஆனால் மைஎஸ்கியூஎல்லிடம் மட்டும் இருக்கும் 1129 என்ற எரர் பொல்லாதது. ஒரு ஹோஸ்ட்டிலிருந்து வரும் இணைப்புகள் அறிமுகம் முடியாமலேயே தொடர்ந்து 100 முறை அறுந்தால் அந்த ஹோஸ்ட்டையே தடுத்துவிடும். இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சர் சும்மா போர்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவதே இதற்குப் போதும். ஆப்பை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை, சர்வர் பக்கம் ஹோஸ்ட்டுகளைப் பற்றிய நினைவுக் குறிப்பான ஹோஸ்ட் கேஷைக் காலி செய்ய வேண்டும். பழைய குறிப்புகளில் இருக்கும் 'ஃப்ளஷ் ஹோஸ்ட்ஸ்' 8.4இல் கிடையாது. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் இருக்கும் ஹோஸ்ட் கேஷ் டேபிளை டிரங்கேட் செய்வதுதான் இப்போதைய வழி.

இரண்டுமே கைவிரிக்கும் இடம் ஒன்று உண்டு. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த இணைப்பை நடுவில் இருக்கும் ஃபயர்வால் சத்தமில்லாமல் மறந்துவிடும். காலையில் முதல் குவெரி தொங்கும், பிறகு அறுந்துபோகும். சர்வர் லாகில் உருப்படியாக ஒன்றும் இருக்காது. லினக்ஸ் சும்மா இருக்கும் இணைப்பை உயிரோடு இருக்கிறாயா என்று கேட்க இயல்பாக 7200 விநாடி காத்திருக்கும், அதாவது இரண்டு மணி நேரம். எங்கள் ஃபயர்வாலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. போஸ்ட்கிரெஸில் இதைக் கன்ஃபிக்கிலேயே 300 என்று குறைத்தேன், மைஎஸ்கியூஎல்லுக்காக கெர்னல் அமைப்பில் போய் அதே எண்ணை வைத்தேன். அந்த வாரத்தோடு காலை ஒன்பது மணி போன் நின்றது.